குறைந்த வெளிச்சத்துக்கு ஏற்ற கமரா

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு. மலருக்காகச் சிறிது விரித்து எழுதப்பட்டது.)



சங்கத்துக்கு ஒரு கமரா வாங்குவதெனச் செயற்குழு தீர்மானித்த நாள் முதலாக எங்கள் விடுதிகளில் வேறு பேச்சே இல்லை. ஒருவர் ஐந்து கோடி பிக்சல் வேண்டுமென்கிறார். இன்னொருவர், ஹந்தானை மலையுச்சியில் நிற்பவரின் மீசையைக்கூட எண்ணத்தக்க ஸூம் வேண்டுமென்கிறார். மூன்றாமவர், "எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கக் கமரா எதற்கு? அந்தப் பணத்துக்கு நல்ல ஒலிபெருக்கி வாங்கலாமே" என்கிறார். ஒலிபெருக்கி விஷயத்தில் நாங்கள் தலையிட விரும்பவில்லை; இருப்பதே காதைப் பிளக்கிறது. கமராவைப் பற்றி மட்டும், படம் பிடித்துப் பழகிய எங்களிற் சிலர் கூடிப் பேசியதை இங்கே சொல்லும்படி தலைவர் பணித்தார். சந்தாப் பணம் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணமாதலால், அதைச் செலவிடுமுன் பேசிக்கொள்வது நல்லதே.

கமரா வாங்கப் போகிறவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, எந்தக் கமரா என்பதன்று. எதைப் படம் பிடிக்கப் போகிறோம், எப்பொழுது என்பதே. நமது வருஷத்தை எண்ணிப் பாருங்கள். திருவெம்பாவை விடியுமுன் நடக்கிறது. சிவராத்திரி பெயரிலேயே இரவு. நவராத்திரி பூசை மாலையில். கார்த்திகை விளக்கீட்டைப் பகலில் யாரும் கொண்டாடுவதில்லை. குறிஞ்சிக் குமரன் சந்நிதியில் மாணவர் திரளுவது விரிவுரைகள் முடிந்த பின்னரே. கண்டியில் எசல பெரஹராவின் ரந்தோலி ஊர்வலங்கள் இரவில். இவற்றுக்கெல்லாம் மேலாக, சுற்றுப்புறத் தோட்டங்களிலே மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்து, இறுதி நாளில் இரவு தொடங்கிப் பொழுது விடியும்வரை நடக்கிறது. பகல் வெயிலில் நாம் செய்வது கிரிக்கெற் ஆட்டம் ஒன்றுதான். அதையும் வென்ற வருஷங்களில்தான் படம்பிடிக்கிறோம். ஆகவே நமக்கு வேண்டியது இருட்டிலே பார்க்கத் தெரிந்த கமரா. கடைக்காரர் நடுப்பகலில் கடைவாசலுக்கு வெளியே பூச்சாடியைப் படம் பிடித்துக் காட்டினால், அதனால் நமக்கு ஆவது ஒன்றுமில்லை.

பிளாஷ் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு சொல். தீபாராதனை வேளையில் பிளாஷ் அடித்து எடுத்த படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குருக்களின் முதுகு வெள்ளையடித்த சுவர்போலிருக்கும். அதற்கப்பால் எல்லாம் கரி. கர்ப்பூரச் சுடர் இருந்த இடத்தில் ஒரு மஞ்சட் பொட்டு. தீபத்தைப் படமெடுக்கப் போய்த் தீபத்தை அணைத்துவிட்டு வந்ததற்கு அது சமம். காரணம் எளிது. பிளாஷின் ஒளி, தூரம் இரு மடங்கானால் நான்கிலொன்றாகக் குறைகிறது. அருகில் நிற்பவர் வெந்துபோவார், தூரத்தில் நிற்பவர் மறைந்துபோவார். கும்பிட்டு நிற்பவரின் கண்ணிலே மின்னல் வெட்டுவதைப் பற்றிப் பெரியோர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அவர்கள் எங்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார்கள்.

பிளாஷ் இல்லையாயின், இருக்கிற ஒளியைக் கொண்டே காரியம் பார்க்கவேண்டும். இதை மலைநாட்டவர்க்கு விளக்குவது சுலபம். பீலியில் குடத்தை வைத்தால் அது நிரம்ப எவ்வளவு நேரமாகும்? பீலி அகலமானதாயின் குடம் விரைவில் நிறையும். ஒடுங்கியதாயின் வரிசையில் நிற்பவர் ஏசும்வரை காத்திருக்கவேண்டும். படமென்னும் குடத்தை ஒளியால் நிரப்புவதும் இவ்வாறே. பீலியின் அகலம், லென்ஸ் எனப்படும் வில்லையின் துவாரம். காத்திருக்கும் நேரம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம். மூன்றாவதாக ஐ.எஸ்.ஓ. என்று ஒன்றுண்டு. கால்குடம் தண்ணீரை நிறைகுடமென்று கணக்கெழுதுவது போன்றது அது. எழுதலாம், ஆனால் தண்ணீரோடு கசடும் நான்கு மடங்காகப் பெருகும். படத்தில் அந்தக் கசடுதான் மணல்மணலாய்த் தெரிவது.

வில்லையின் முகப்பிலே 50 மில்லிமீற்றர், 1:1.8 என்பதுபோலப் பொறித்திருப்பார்கள். முன்னது குவியத்தூரம். அதைப் பின்னுள்ள எண்ணால் வகுத்தால் துவாரத்தின் விட்டம் வரும்: ஏறக்குறைய 28 மில்லிமீற்றர். அதே 50ஐ 5.6ஆல் வகுத்தால் 9 மில்லிமீற்றர்கூட வராது. எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும் என்னும் இந்தத் தலைகீழ்க் கணக்கு முதலில் யாரையும் மயக்கத்தான் செய்யும். பரப்பளவைக் கணக்கிட்டால், எஃப் 1.8 வில்லை, எஃப் 5.6 வில்லையைப்போல் கிட்டத்தட்டப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. இத்தகைய அகன்ற வில்லைகளையே விரைவு வில்லைகள் என்கிறார்கள். வில்லை ஓடுவதில்லை, ஷட்டரை விரைவாக மூட இடங்கொடுக்கிறது, அவ்வளவே.

மிஷன் பாடசாலையிலிருந்து வந்த எங்களிற் சிலர், இந்தக் கணக்கை ஒளிவிழா இரவுகளில் மெழுகுதிரி ஏந்திப் பாடிய சின்னப் பிள்ளைகளைப் படம்பிடித்துத்தான் கற்றோம். மெழுகுதிரிக்கு அருகேயுள்ள ஒரு முகத்துக்கு, ஐ.எஸ்.ஓ. 3200 வைத்து, எஃப் 2 துவாரத்தில் எடுத்தால் ஷட்டர் 1/125 செக்கன் அளவில் நிற்கும். பிள்ளை வாயைத் திறந்து மூடினாலும் படம் கலங்காது. அதே முகத்தை எஃப் 5.6 வில்லையால் எடுத்தால் 1/15 செக்கன் வேண்டும். கமராவோடு சேர்த்துக் கடையில் தருகிற 18 முதல் 55 மில்லிமீற்றர் வரையிலான ஸூம் வில்லை, நீட்டிய நிலையில் இந்த எஃப் 5.6தான். பலர் விலையுயர்ந்த கமராவை வாங்கி, அதன் கண்ணிலே இந்த ஒடுங்கிய பீலியைப் பொருத்திவிட்டு, கமரா சரியில்லை என்று குறைகூறுகிறார்கள்.

"இப்போதைய கமராக்களில் கைநடுக்கத்தைத் தடுக்கும் பொறி இருக்கிறதே, 1/15 செக்கனில் எடுத்தாலென்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. அந்தப் பொறி நமது கை நடுங்குவதைத் தடுக்கும். எதிரே ஆடுகிறவரின் காலைப் பிடித்து நிறுத்தாது. கோபுரத்தையோ, ஏற்றிவைத்த குத்துவிளக்கையோ எடுப்பதானால் அது போதும். முக்காலி இருந்தால் அதுவும் வேண்டாம். பெரஹராவிலே சவுக்கு வீசுபவரையும், கொப்பரா தீப்பந்தம் சுழற்றுபவரையும் எடுக்க அது உதவாது. குறைந்த வெளிச்சத்தில் அசையாததை எடுப்பது ஒரு வித்தை, அசைவதை எடுப்பது முற்றிலும் வேறொரு வித்தை. கைத்தொலைபேசியின் கதையும் இதுவே. அதன் வில்லையிலும் எஃப் 1.8 என்று எழுதியிருக்கும். ஆனால் குவியத்தூரம் மிகச் சிறிதாதலால் உண்மையான துவாரம் சில மில்லிமீற்றர்தான். அந்தக் குறையை மறைக்க, அது பல படங்களை விரைவாக எடுத்து ஒன்றன்மேலொன்று அடுக்கிக் கூட்டுகிறது. விளக்கு வரிசைக்கு அது அற்புதமாகப் பலிக்கும். ஆடுகிறவருக்கோ சில வேளை மூன்று கை முளைக்கும். கை வெறும் புகையாய்ப் போவதும் உண்டு.

இந்த வித்தியாசம் நமக்கு ஏன் முக்கியமென்பதைச் சொல்லிவிடுகிறோம். யூலியா மார்கரெற் கமரன் என்ற ஆங்கிலப் பெண்மணி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவைத் தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிருந்த நாட்களில் தோட்டத்துத் தொழிலாளர் சிலரையும் படம் பிடித்தார். அந்தப் படங்களிலுள்ளோர் எல்லோரும் அசையாமல் நிற்கிறார்கள். நின்றுதான் ஆகவேண்டும், அக்காலத்து ஈரக் கண்ணாடித் தகட்டிலே உருவம் பதியப் பல செக்கன்கள், சில வேளை நிமிஷங்கள் தேவைப்பட்டன. அதே மக்கள் அன்றைய வேலை முடிந்து, இரவிலே தப்பு முழங்க ஆடியதை எடுக்க அன்று உலகில் எந்தக் கமராவுக்கும் இயலாது. ஆகையால் தோட்டத்து மக்களின் பகல் படங்களில் இருக்கிறது, கொழுந்துக் கூடையோடு, துரைமாரின் அல்பங்களிலே. அவர்கள் தமக்கென்று வைத்திருந்த இரவு இல்லை.

அந்த வாசல் மெல்ல மெல்லவே திறந்தது. 1924இல் ஜெர்மனியில் ஏர்மனொக்ஸ் என்னும் சிறு கமரா, லூட்விக் பேர்ட்டல வடிவமைத்த எஃப் 2 வில்லையோடு வெளிவந்தது. எரிக் சலமன் என்னும் சட்டம் படித்த யூதர் அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கும் மந்திரிமாரின் இரவுக் கூட்டங்களுக்கும் போய், பிளாஷ் இல்லாமல், மனிதர் கொட்டாவி விடுவதையும் குசுகுசுப்பதையும் படமாக்கினார். தொப்பிக்குள் கமராவை ஒளித்து வைத்திருந்தாரென்பர். 1944இல் அவுஷ்விற்ஸ் முகாமில் அவர் கொல்லப்பட்டார். மறைக்கப்பட்டதைக் காணும் கண்ணை அவர் விட்டுச்சென்றார். பின்னர் போட்டியே நடந்தது. 1961இல் கனொன் எஃப் 0.95 வில்லையைச் செய்தது; 1966இல் லைக்கா நொக்ரிலக்ஸ் என்ற எஃப் 1.2 வில்லையைக் கொண்டுவந்தது. ஸ்ரான்லி குப்ரிக், 1975இல் வெளியான 'பரி லிண்டன்' படத்துக்காக, நாசாவுக்கென செய்ஸ் செய்திருந்த எஃப் 0.7 வில்லையைத் தேடிப்பிடித்து, மெழுகுதிரி ஒளியிலேயே காட்சிகளை எடுத்தார்.

இதைக் கேட்டதும், அப்படியானால் எஃப் 0.95 ஒன்று வாங்குவோமே என்று சொல்ல வாயெடுக்கிறவர்கள் சற்றுப் பொறுக்கவேண்டும். துவாரம் விரிய விரியத் தெளிவாக விழும் ஆழம் சுருங்கும். 50 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 1.4இல் திறந்து இரண்டு மீற்றர் தூரத்திலுள்ளவரை எடுத்தால், முன்னும் பின்னுமாகத் தெளிவு சுமார் 13 சென்ரிமீற்றர். ஒரு சாணுக்கும் குறைவு. ஒரு மீற்றருக்குக் கிட்டப் போனால் மூன்று சென்ரிமீற்றர்தான்: கண் தெளிந்தால் காது கலங்கும். குப்ரிக்கின் நடிகர்களும் அந்தக் காட்சிகளில் ஏறக்குறைய சிலைபோல் அமர்ந்திருந்தது இதனாலேயே. காமன் கூத்திலே வீரபத்திரன் வரும்போது "ஐயா, அசையாதீர்கள்" என்று யார் சொல்லுவது? எங்கள் அபிப்பிராயத்தில் எஃப் 1.8 நமக்குத் தகுந்த எல்லை. எஃப் 1.4 அதைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலான ஒளியைத் தரும். விலையோ அந்த விகிதத்தோடு நிற்பதில்லை.

இனி உடம்பு, அதாவது கமரா. பிக்சல் கணக்கைப் பற்றி நம்மவர்க்குள்ள மோகம் வீண். ஏ4 அளவான மலரின் முழுப்பக்கத்தில் ஒரு படத்தைச் செம்மையாக அச்சிட 90 இலட்சம் பிக்சல் போதும். இருட்டுக்கென்றே பெயர்பெற்ற சொனி ஏ7எஸ், 2014இல் வந்தபோது அதற்கிருந்தது ஏறக்குறைய ஒரு கோடி இருபது இலட்சம்தான். பார்க்கவேண்டியது ஒளியுணரியின் பரப்பு. பழைய பிலிமின் அளவான 36க்கு 24 மில்லிமீற்றர் உணரியை முழுச்சட்டம் என்கிறார்கள். சாதாரண கமராக்களில் உள்ள சிறிய உணரி அதில் பாதிக்கும் குறைவு. பெரிய முற்றத்தில் அதிக மழை விழுவதுபோலப் பெரிய உணரியில் அதிக ஒளி விழும், ஆதலால் ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தினாலும் மணல் குறைவு. 2007இல் நிக்கொன் டி3 வந்து, 6400இலும் பத்திரிகையில் போடத்தக்க படம் எடுக்கலாமெனக் காட்டியது முதலாக, இந்தத் துறையில் பழையது என்பதற்குப் பொருள் மாறிவிட்டது. பத்து வருஷம் பழகிய ஒரு முழுச்சட்டக் கமரா, புதுப்பெட்டியிலிருந்து எடுத்த சிறிய கமராவைவிட நமது வேலைக்கு மேலானது. பெரியோர்கள் பழைய பொருள் வாங்கத் தயங்குவார்கள் என்பதை அறிவோம். உடம்பு பழசாகலாம், கண் நன்றாயிருக்கவேண்டும். இது கமராவுக்கு மட்டும் பொருந்துகிற விதியுமன்று.

ஆகவே எங்கள் யோசனை: பழகிய முழுச்சட்டக் கமரா ஒன்று, அதற்குரிய 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லை ஒன்று. எல்லாக் கமரா வகைகளிலும் மலிவான விரைவு வில்லை பெரும்பாலும் இதுதான். கனொனின் 50 வில்லை 160 கிராம் நிறை, சட்டைப் பையிலும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வருஷம் பணமிருந்தால், பெரஹராவை வீதியோரத்திலிருந்து எடுப்பதற்கு 85 மில்லிமீற்றர் எஃப் 1.8. முழுச்சட்டத்துக்குப் பணம் போதாதாயின், சிறிய உணரிக் கமராவுக்கு 35 மில்லிமீற்றர் எஃப் 1.8, அதில் அது 50 போலவே பார்க்கும். எஃப் 2.8 ஸூம் ஒன்று வாங்கினால் எல்லாம் ஒன்றிலேயே முடியுமே என்று உப தலைவர் ஐயா கேட்டார்கள். ஒரே இடத்தில் அசையாமல் நின்று எடுக்கவேண்டிய பெரஹராவுக்கு அது மிக வசதி என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒளி எஃப் 1.8இன் பாதிக்கும் குறைவு; நிறையும் விலையும் பல மடங்கு. கூத்துக் களரியில் நமக்கு இரண்டு கால்கள் உள. முன்னே போகலாம், பின்னே வரலாம்.

அந்தக் களரியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். எங்கள் சகோதரர் ஒருவரின் தோட்டத்தில், பல வருஷமாக ரதி வேஷம் கட்டும் முதியவர் ஒருவர் இருக்கிறார். பகலில் பார்த்தால் மெலிந்த, இருமுகிற மனிதர். மன்மதன் எரிந்தபின் ரதி ஒப்பாரி வைக்கும் கட்டத்தில் அவரைப் பார்த்தவர்கள், அந்தக் குரலுக்குப் பெண்கள் மட்டுமன்றி ஆண்களும் முகத்தைத் துடைப்பதைப் பார்த்திருப்பார்கள். அவரிடம் பாட்டுப் பழகும் இளைஞர் இப்போது இருவரே. ஒருவர் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறார். அவருடைய ஒப்பாரியை ஒலிப்பதிவு செய்தவர்கள் உண்டு. முகத்தை எடுத்தவர் இல்லை. எடுத்ததெல்லாம் பிளாஷ் அடித்த படங்கள். அவற்றில் அரிதாரம் தெரிகிறது, ரதி தெரியவில்லை.

அந்த இடத்தின் ஒளி வருமாறு. கோயிற் கமிற்றியார் கட்டிய எல்.ஈ.டி. குமிழ்கள் ஒரு பக்கம். பந்தம் ஒரு பக்கம். இறுதியில் காமன் எரியும் தீ. குமிழ்கள் நமது 50 ஹேட்ஸ் மின்சாரத்தில் செக்கனுக்கு நூறு தடவை துடிக்கக்கூடும். ஆகவே அவற்றின் கீழே 1/100 செக்கனில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுவது குறையும். பந்தத்துக்குக் கிட்ட வந்ததும் 1/250க்கு உயர்த்தலாம். சுற்றிவர இருளாயிருப்பதால் கமரா தானாகவே கணக்கிட்டால் இருளைப் பகலாக்க முயன்று முகத்தை வெளிறச் செய்துவிடும். ஒரு படி குறைத்து வைப்பது நல்லது. தீயின் செம்மஞ்சள் நிறத்தை வெள்ளையாக்குகிற தானியங்கி நிறச்சரியை நிறுத்திவிட வேண்டும். தீயொளியில் நின்றவர் தீயின் நிறத்தோடுதான் இருக்கவேண்டும். இருட்டிலே குவியம் தேடிக் கமரா தடுமாறினால், நெற்றிச்சுட்டியின் ஓரத்தைப் பிடித்துக் குவிக்கலாம். ஒளியும் நிழலும் சந்திக்கும் விளிம்பு அதற்கு எளிதில் அகப்படும். குவியத்துக்கு உதவியாகச் சில கமராக்கள் பாய்ச்சும் சிறு விளக்கைக் கட்டாயம் அணைத்துவைக்க வேண்டும். எடுத்த படங்களில் ஒரு பிரதி, அச்சிட்டு, ஆடியவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதையும் செயற்குழு தீர்மானமாக எழுதிக்கொள்ளும்படி கேட்கிறோம். அச்சுச் செலவையும் கமரா விலையோடு இப்போதே கணக்கில் வைப்போம்.

கடைசியாக வாங்கும் விஷயம். மகாவலிக் கரையிலே ஈரத்துக்குக் குறைவில்லை. சப்பாத்தைப் பத்து நாள் மூலையில் வைத்தால் பூஞ்சணம் பிடிப்பதை விடுதிவாசிகள் அறிவார்கள். வில்லைக்குள்ளும் அதே பூஞ்சணம் வளரும். பழகிய வில்லையை வாங்கும்போது முன்பின் மூடிகளைக் கழற்றி, துவாரத்தை முற்றாகத் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து ரோச் லைற்றைச் சாய்வாகப் பாய்ச்சி மறுபக்கத்தால் பார்க்கவேண்டும். இரண்டொரு தூசு இருந்தால் பாதகமில்லை. சிலந்தி நூல்போல ஓரத்திலிருந்து கிளைவிட்டுப் படர்ந்திருந்தாலோ, கண்ணாடி பனிபடர்ந்ததுபோல் மங்கியிருந்தாலோ விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். விற்பவர் ரோச் அடித்துப் பார்க்க விடாவிட்டால், அதுவே விடை. வாங்கிவந்த பின், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, நிறம் மாறினால் பொட்டலங்களை உலர்த்திப் போடவேண்டும். பெட்டியின் திறப்பு பொருளாளரிடம் இருக்கலாம்; ஆனால் கமரா பெட்டிக்குள்ளேயே இருக்கக்கூடாது. மாசிக்கு ஒரு மாதம் முன்பாவது அது எங்கள் கைக்கு வரவேண்டும். இருட்டிலே பொத்தான்களைத் தடவி அறியப் பழக அவ்வளவு நாள் செல்லும். அந்தப் பழக்கத்துக்கு, அனுமதி கிடைத்தால், குறிஞ்சிக் குமரன் கோயில் வெளிவீதியில் மாலைப் பூசைக்குப் பின் எரியும் விளக்குகளே போதும்.